கடலூரிலிருந்து சூரியனார் கோயில்: வெயிலுக்கு முன்னால் போய் வர ஒரு முழு வழிகாட்டி

சூரியனார் கோயிலுக்கு நாங்கள் முதல் தடவை போனது ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் குளித்து, அத்தை பூ தொடுத்து முடித்து, வாடகைக் கார் மஞ்சக்குப்பத்தை விட்டுக் கிளம்பும்போது மணி எட்டரை. வழியில் வைத்தீஸ்வரன் கோயிலையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். ஆடுதுறை தாண்டிக் கோயில் வாசலில் போய் நின்றபோது நடை சாத்தியிருந்தது. இனி மாலை நாலு மணிக்குத்தான் என்றார்கள். எதிரே ஒரு கீற்றுக் கொட்டகையில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "சூரியனைப் பார்க்க வந்துட்டு வெயிலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றார் அத்தை. அதற்குப் பிறகு நாலு முறை போய்விட்டேன். இந்தப் பயணத்தில் பணமும் பரிகாரச் சாமானும் இரண்டாம் பட்சம், நேரம்தான் முதல். அதை வைத்தே இதை எழுதுகிறேன். புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் எல்லாக் கணக்கிலும் ஒரு மணி நேரத்தை முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

எந்தக் கோயில், எங்கே இருக்கிறது

தஞ்சாவூர் மாவட்டம், ஆடுதுறைக்கு வடக்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில், காவிரியின் வடகரையில் இருக்கிறது. ஊர் பெயரே சூரியனார் கோயில்தான். கும்பகோணத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நவகிரகத் தலங்கள் என்று சொல்லிச் சுற்றுகிற ஒன்பதில் சூரியனுக்கு உரியது இது. மற்ற எட்டு இடங்களிலும் மூலவர் சிவன்தான். கிரகத்துக்கு ஒரு தனிச் சந்நிதி இருக்கும், அவ்வளவுதான். இங்கே மூலவரே சூரியன். கொனாரக்கில் இருப்பது எவ்வளவு பெரிய கோயில், ஆனால் அங்கே பூஜை கிடையாது, கல்லைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். இங்கே தினமும் பூஜை, நைவேத்தியம், அர்ச்சனை எல்லாம் நடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் உச்சிக்கிழான் கோட்டம் என்று சூரியனுக்கு ஒரு கோயில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆக, இந்தப் பக்கத்துக்குச் சூரிய வழிபாடு புதிதல்ல.

இப்போது இருக்கும் கோயில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தது. அவன் 1070-இல் பட்டத்துக்கு வந்தவன். கல்வெட்டில் கோயிலுக்குக் 'குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம்' என்று பெயர். நிர்வாகம் திருவாவடுதுறை ஆதீனத்திடம் இருக்கிறது.

முதலில் நாள் குறிப்பது

ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூட்டு வலிக்காரரையோ கைக்குழந்தையையோ கூட்டிப் போவதாக இருந்தால், என் பேச்சைக் கேளுங்கள், புதன் வியாழனில் போங்கள். சாமி அதே சாமிதான். குருக்களும் நிதானமாகப் பேர் நட்சத்திரம் கேட்டுச் சங்கல்பம் செய்வார். ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்றால் இருட்டிலேயே கிளம்பிவிட வேண்டும்.

தை மாதம் ரதசப்தமியை ஒட்டி இங்கே பத்து நாள் உற்சவம். கடலூர்க்காரர்களுக்குத் தை பிறந்தாலே வேலை அதிகம். பொங்கல் முடிந்து மூச்சு விடுவதற்குள் தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றங்கரையில் ஆற்றுத் திருவிழா வந்துவிடும். அதையும் பார்த்துவிட்டு ரதசப்தமிக்கும் கிளம்புகிற தெம்பு உள்ளவர்கள் போகலாம். இல்லாவிட்டால் அன்று காலை வீட்டிலேயே ஏழு எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு, கோயிலுக்கு வேறொரு நாள் போவது நல்லது. இலை பறிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: எருக்கம்பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. பறித்த கையைக் கழுவாமல் முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். குழந்தைகளை அந்தச் செடிப் பக்கமே விட வேண்டாம்.

சித்திரை, வைகாசியை நான் தள்ளிவிடுவேன். கார்த்திகை விசேஷம்தான், ஆனால் நம் பக்கம் மழையும் புயலும் வருகிற மாதம். மழை விட்ட நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தின ராத்திரி எடுத்து வைக்க வேண்டியவை

சூரியனுக்கு உரிய தானியம் கோதுமை, பூ செந்தாமரை, நிறம் சிவப்பு. ஒரு படி கோதுமை, சின்னதாக ஒரு சிவப்புத் துணி, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, இவ்வளவு போதும். தாமரை கிடைக்காவிட்டால் சிவப்பு அரளி. இதற்கு மேல் எதுவும் கட்டாயமில்லை. வாசலில் காரை நிறுத்தியதும், "ஒன்பது கிரகத்துக்கும் ஒன்பது தட்டு, ஒன்பது துணி, செட்டா வாங்கிக்குங்க" என்று சூழ்ந்துகொள்வார்கள். எங்களிடம் ஒருவர் ஜாதகமே பார்க்காமல், என் கணவர் முகத்தைப் பார்த்தே தோஷம் இருப்பதாகச் சொன்னார். ராத்திரி சரியாகத் தூங்காத முகம் அது. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களின் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் தெரிந்தால் கோத்திரம், எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் குருக்கள் கேட்கும்போது பேரனுக்கு அஸ்தமா சித்திரையா என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், என் வீட்டிலேயே.

அப்புறம் சாப்பாடு. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே எங்கள் வழக்கம். தண்ணீர் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில்.

போகும் வழி

காரில் போகிறவர்களுக்கு இரண்டு பாதை. ஒன்று சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை, குத்தாலம் வழியாக ஆடுதுறை. கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர். இன்னொன்று குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி, அணைக்கரை, திருப்பனந்தாள் வழியாக வடக்கிலிருந்து இறங்குவது. பண்ருட்டி, நெய்வேலிக்காரர்களுக்கு இரண்டாவதுதான் சுலபம். கொள்ளிடத்தைக் கீழணையில் கடக்கும்போது தண்ணீர் இருந்தால் பிள்ளைகளுக்கு வேடிக்கை. நான் எப்போதும் சிதம்பரம் வழியே போவேன். விடியற்காலையில் பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வருகிற காற்றுக்காகவே என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நாலேகாலுக்குக் கிளம்பினால் சிதம்பரம் ஐந்தேகால், மயிலாடுதுறை ஆறரை, சூரியனாருக்கு முன்னால் பார்க்க வேண்டிய பக்கத்துக் கோயிலான திருமங்கலக்குடி ஏழேகால். இந்தக் கணக்கு எனக்கு ஒருமுறைதான் தவறியது. அன்று டீ குடிக்க இரண்டு இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

ரயிலில் என்றால் திருப்பாதிரிப்புலியூரிலோ கடலூர் துறைமுகத்திலோ ஏறி மயிலாடுதுறையில் இறங்குங்கள். ஆடுதுறையிலும் ஸ்டேஷன் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் பஸ் அடிக்கடி உண்டு. ஆடுதுறைக்குச் சுமார் 22 கிலோமீட்டர். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம், அல்லது திருப்பனந்தாள் பக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கோயில் பக்கம் நிற்குமா என்று கேட்டு ஏறலாம். ஆட்டோவை இரண்டு கோயிலுக்கும் சேர்த்து, காத்திருப்பு உட்பட, ஏறும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

ஆடுதுறை என்றதும் நம் மாவட்டத்து விவசாயிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது கோயில் இல்லை, நெல். ஆடுதுறை 36, ஆடுதுறை 43 எல்லாம் இந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்கள்தான். காட்டுமன்னார்கோயில் பக்கம் நிலம் வைத்திருக்கும் என் மாமனார், காரிலிருந்தே அந்த வயல்களைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.

திருமங்கலக்குடியை முதலில் பார்க்க வேண்டும்

எங்கள் முதல் பயணத்தில் இன்னொரு தப்பும் நடந்தது. நேரே சூரியனாரிடம் போய்விட்டோம். "எந்தக் கோயில் முன்னாடி போனா என்னங்க" என்று டிரைவர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். அப்படிப் போகக் கூடாது என்று அந்தக் கொட்டகையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாதான் சொன்னார். பக்கத்திலேயே இருக்கும் திருமங்கலக்குடிப் பிராணநாதேஸ்வரரையும் மங்களாம்பிகையையும் கும்பிட்டுவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்பது வழக்கம்.

காரணமாகச் சொல்லும் கதை இது. காலவ முனிவர் தமக்குத் தொழுநோய் வரப்போகிறது என்று ஞானத்தால் தெரிந்துகொண்டு நவகிரகங்களை நோக்கித் தவம் செய்தார். கிரகங்கள் மனம் இரங்கி, நோய் வராது என்று வரம் கொடுத்துவிட்டன. பிரம்மாவுக்குக் கோபம். வினைக்கு ஏற்ற பலனைக் கொடுப்பதுதான் உங்கள் வேலை, அதை மாற்ற யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டு, அந்த நோயை நீங்களே அனுபவியுங்கள் என்று சபித்தார். ஒன்பது பேரும் காவிரிக் கரையில் வெள்ளெருக்கங் காட்டுக்கு வந்து, அகத்தியர் சொன்னபடி கார்த்திகை முதல் ஞாயிறு தொடங்கி 78 நாள், அதாவது பன்னிரண்டு ஞாயிறுகள், பிராணநாதரை வழிபட்டார்கள். எருக்கிலையில் வைத்த தயிர்சாதம்தான் அவர்களுக்கு ஆகாரம். நோய் தீர்ந்தது. அவர்கள் தங்கித் தவமிருந்த இடம்தான் சூரியனார் கோயில்.

நம் ஜாதகத்தில் உட்கார்ந்துகொண்டு ஆட்டி வைப்பதாக நாம் பயப்படுகிற ஒன்பது பேரும் இந்தக் கதையில் நோயாளிகளாக வரிசையில் நிற்கிறார்கள், அதுவும் ஒரு மனுஷனுக்கு இரக்கப்பட்ட குற்றத்துக்காக. இதைக் கேட்ட பிறகு எனக்குச் சனிபகவானிடம்கூடப் பயம் குறைந்துவிட்டது. சரி, அவரவர் நம்பிக்கை.

திருமங்கலக்குடி அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். சம்பந்தர் பிறந்த சீர்காழி வழியாகத்தானே வந்தோம். நவகிரகம் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்கிற கோளறு பதிகம் அவர் பாடியதுதான். ஆனால் அது பிறந்த இடம் இது இல்லை, வேதாரண்யம். காரில் சீர்காழி தாண்டும்போது அத்தை "வேயுறு தோளிபங்கன்" என்று ஆரம்பித்தால் குத்தாலத்துக்குள் முடித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிக்காலத்தில் சுவாமிக்கு எருக்கிலையில் உப்பில்லாத தயிர்சாதம் நைவேத்தியம் செய்வது இங்கே வழக்கம். நம் திட்டப்படி உச்சிக்காலம் வரை அங்கே நிற்க முடியாது. அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் அன்று சூரியனாரை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். மங்களாம்பிகை சந்நிதியில் பெண்கள் மாங்கல்யச் சரடு வாங்கிக்கொள்வார்கள். கணவனை இழந்த பெண் ஒருத்தி வேண்டிக்கொண்டு அவன் உயிரைத் திரும்பப் பெற்ற கதை இந்த அம்மனுக்கு உண்டு. பிராணநாதர் என்ற பெயரும் அதோடு சேர்ந்ததுதான். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

சூரியனார் கோயிலுக்குள்

எட்டரைக்குள் வாசலில் இருந்தால் நல்லது. ராஜகோபுரம் மூன்று நிலை, மேற்கே பார்த்தது. வடக்கே சூரிய புஷ்கரணி. காலைக் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே போக வேண்டியது.

இனி வரிசை. முதலில் கோள் தீர்த்த விநாயகர். பெயரிலேயே கதை இருக்கிறது. அடுத்துப் படியேறி, மண்டபத்தில் காசி விஸ்வநாதர், விசாலாட்சி. பிறகு மூலவர்.

மூலஸ்தானத்துக்கு முன் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். வெளிச்சத்திலிருந்து வருவதால் முதல் அரை நிமிடம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. உலகத்துக்கு வெளிச்சம் கொடுக்கிறவரை இருட்டில் தேட வேண்டியிருக்கிறதே என்று தோன்றும். குருக்கள் கற்பூரத்தட்டை மேலே தூக்கும்போது, எனக்கு முகத்துக்கு முன்னால் கைகள்தான் தெரிந்தன. தோள் உயரத்துக்கு இரண்டு கைகளிலும் தாமரை. தட்டு கொஞ்சம் இறங்கும்போது இரண்டு பக்கமும் உஷாதேவி, சாயாதேவி. நின்ற கோலம், சிரித்த முகம். மேற்கே பார்த்து நிற்கிறார், அதாவது தான் உதிக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவருக்கு எதிரே, அவரைப் பார்த்தபடி குருபகவான் நிற்கிறார். பலபேர் மூலவரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். குருவை விட்டுவிடாதீர்கள். இங்கே ஒரே இடத்தில் நின்று இருவரையும் கும்பிடலாம்.

வெளியே வந்தால் மற்ற ஏழு பேருக்கும் தனித்தனிச் சந்நிதி. சனி, புதன், செவ்வாய், சந்திரன், கேது, சுக்கிரன், ராகு என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் சண்டிகேஸ்வரர். வழக்கமாக நம் சிவன் கோயில்களில் நவகிரகங்கள் ஒரே மேடையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்கும், திருப்பாதிரிப்புலியூரில் தினமும் பார்க்கிறோமே. இங்கே எல்லோருக்கும் தனி வீடு, எல்லோர் பார்வையும் நடுவில் இருக்கும் சூரியன் மேல். கையில் ஆயுதமும் கிடையாது, வாகனமும் கிடையாது. சாபம் தீரத் தவமிருந்தவர்கள்தானே, அதற்கு ஏற்ற கோலம்.

கேதுவுக்கும் ராகுவுக்கும் எதிரே கூட்டம் தேங்கும். சந்திரன் சந்நிதியில் யாரும் இருக்க மாட்டார்கள். மனசுக்குக் காரகன் என்று சொல்கிற அவரிடம் நான் சாவகாசமாக நின்றுவிட்டு வருவேன்.

பார்த்து முடித்ததும் கொடிமரத்தருகே நமஸ்காரம் செய்து, ஒன்பது சுற்று சுற்றுவது வழக்கம். நான் ஆரம்பத்திலிருந்து நேரம் நேரம் என்று சொன்னது இந்த இடத்துக்காகத்தான். ஒன்பது மணிக்குக் கல்தரை வெதுவெதுப்பாக இருக்கும், காலுக்கு இதமாகக்கூட இருக்கும். பத்தரைக்கு மேல் அதே கல் தோசைக்கல். எங்கள் இரண்டாவது பயணத்தில் ஆறாவது சுற்றில் என் பெண், நிழல் விழுந்த ஓரத்திலேயே ஒற்றைக் காலில் தாவித் தாவி வந்தாள். அத்தை மதிலோர நிழலில் நின்றுகொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பூவை எடுத்து மடியில் போட்டு எங்களுக்காக எண்ணிக்கொண்டிருந்தார். வயதானவர்கள் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டால் எந்தக் கிரகமும் கோபித்துக்கொள்ளாது. அத்தையின் தீர்ப்பு அது, நானும் ஒத்துக்கொள்கிறேன்.

தல விருட்சம் வெள்ளெருக்கு. நம் ஊரில் ரயில்வே லைன் ஓரமெல்லாம் முளைத்துக் கிடப்பது பெரும்பாலும் ஊதாப் பூ எருக்கு, இது வெள்ளைப் பூ பூப்பது. இலையைக் கிள்ள வேண்டாம். ஒருவர் ஒன்று கிள்ளினால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கே மரம் மொட்டை.

வேண்டுதல் உள்ளவர்கள் சூரியனுக்குச் சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம் செய்வார்கள். வாசலில் யார் யாரிடமோ பேசாமல், கோயில் அலுவலகத்தில் கேட்டுப் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு மேல்

பத்துக்கு வெளியே வந்துவிட்டால் கஞ்சனூர் மூன்று நாலு கிலோமீட்டர்தான். சுக்கிரனுக்கு உரிய தலம். நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். ஒரே நாளில் ஒன்பது தலத்தையும் முடிக்கிறேன் என்று ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கோபுரத்தைக் காரிலிருந்து பார்த்து, கும்பிடுவதை நடந்துகொண்டே செய்து, மிச்ச நேரமெல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டு. இரண்டு மூன்று போதும்.

மதியம் தங்க முடிந்தால், ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு ஒரு யோசனை. அன்று ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. கும்பகோணம் சாலையில் திருவிடைமருதூர் தாண்டியதும் வரும் திருபுவனம் கோயிலில், சரபேஸ்வரருக்கு அந்த நேரத்தில்தான் விசேஷ வழிபாடு. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கோயில், சிற்பங்களுக்காகவே போகலாம். ஊரே பட்டு நெசவு. அங்கே சேலை பார்க்க உட்கார்ந்தால் கடலூர் திரும்ப ராத்திரி பதினொன்று ஆகும், அனுபவத்தில் சொல்கிறேன்.

திரும்பும்போது

பரிகாரக் கோயிலுக்குப் போனால் வேறு யார் வீட்டுக்கும் போகாமல் நேரே நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அத்தை இதில் மிகவும் கண்டிப்பு. சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் என் சித்தி வீடு இருக்கிறது. "வாசல் வரைக்கும் வந்துட்டுப் போகக் கூடாதாடி" என்று சித்தி போனில் கோபித்துக்கொண்டாலும் வண்டி அங்கே நிற்காது. ஆனால் அதே சிதம்பரத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஹோட்டல் வாசலில் கத்தரிக்காய் கொத்சு வாசனை வந்ததும், அத்தையே டிரைவரை ஓரம் கட்டச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஓட்டல் யாரு வீடும் இல்லையேம்மா" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே.